கிகாபிட் வாக்குறுதியும் இரவு ஒன்பது மணியும்

கேள்வி இதுதான்: "5ஜி, கிகாபிட் ஃபைபர், புது வைஃபை, செயற்கைக்கோள் இணையம் என்று ஆளாளுக்கு ஒரு எண்ணைச் சொல்கிறார்கள். இதில் எது நிஜம், எது மிகை? தொழில்நுட்பம் படிக்காத ஒருவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் இருக்கும் ஃபைபர் இணைப்பை எடுத்துவிட்டு 5ஜி ரூட்டருக்கு மாறலாமா?"

நெட்வொர்க்கை வடிவமைப்பதும் அளப்பதுமாகவே என் வேலைக்காலம் ஓடியிருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அப்பட்டமான பொய் எண்கள் இந்தத் துறையில் குறைவு. விளம்பரத்தில் வரும் எண்ணை எங்கோ, ஏதோ ஒரு நிபந்தனையில் யாரோ உண்மையாகவே அளந்திருப்பார்கள், அல்லது கணக்குப் போட்டிருப்பார்கள். ஆய்வுக்கூடத்திலிருந்து சுவரொட்டிக்கு வரும் வழியில் எண் மட்டும் வந்து சேர்கிறது, நிபந்தனை வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. உதிர்ந்ததைத் தேடி எடுத்து எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் எது மிகை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

தென்கொரியாவில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். 2019 ஏப்ரலிலேயே 5ஜி சேவையைத் தொடங்கி முன்வரிசையில் நின்ற நாடு அது. அங்குள்ள மூன்று பெரிய செல்பேசி நிறுவனங்களும் 20 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 20 கிகாபிட், அதாவது 20,000 எம்பிபிஎஸ்) என்ற வேகத்தை முன்வைத்து விளம்பரம் செய்தன. 2021இல் மக்களுக்குக் கிடைத்த சராசரி வேகம் சுமார் 0.8 ஜிபிபிஎஸ். சொன்னதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. 2023 மே மாதம் அந்நாட்டின் நியாய வணிக ஆணையம் மூன்று நிறுவனங்களுக்கும் சேர்த்து சுமார் 3,360 கோடி வோன் அபராதம் விதித்தது. 0.8 ஜிபிபிஎஸ் என்பது உண்மையில் மிக நல்ல வேகம். அதை அப்படியே சொல்லியிருந்தாலே பெருமைப்பட்டிருக்கலாம், அதுதான் எனக்கு வருத்தம்.

அந்த 20 எங்கிருந்து வந்தது? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2017இல் 5ஜிக்கான குறைந்தபட்சத் தகுதிகளை வரையறுத்தது. அதில் உச்ச வேகம் 20 ஜிபிபிஎஸ் என்று இருக்கிறது. உச்ச வேகம் என்றால் பிழையே இல்லாத சிக்னல், ஒரே ஒரு பயனாளர், அங்குள்ள மொத்த அலைக்கற்றையும் அவர் ஒருவருக்கே. அதே ஆவணத்தில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. நெரிசலான நகர்ப்பகுதியில் பயனாளர் அனுபவிக்கவேண்டிய வேகம் 100 எம்பிபிஎஸ். நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு இதற்குக் குறையாமல் கிடைக்கவேண்டும் என்பது அதன் பொருள். ஒரே ஆவணம், ஒரே தொழில்நுட்பம், இரண்டு எண்களுக்கும் இடையே 200 மடங்கு வித்தியாசம். எழுதிய பொறியாளர்கள் நேர்மையாகவே எழுதினார்கள். விளம்பரத்துக்கு எந்த எண் போயிற்று என்பதுதான் விஷயம்.

இந்த 200 மடங்கு ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இதற்கு அடிப்படை 1948இல் கிளாட் ஷானன் தந்த சூத்திரம். ஒரு தொடர்பு வழியில் எவ்வளவு தகவல் போகும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று அலைக்கற்றையின் அகலம். இன்னொன்று இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பது. அகலத்தை இரண்டு மடங்காக்கினால் கொள்ளளவும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சிக்னலின் பலம் அப்படி இல்லை. ஒரு ஹெர்ட்ஸுக்கு 6 பிட் போய்க்கொண்டிருக்கும் இடத்தில் 12 பிட் வேண்டுமென்றால் சக்தியைச் சுமார் 65 மடங்கு கூட்டவேண்டும். அதனால் பெரிய வேகம் வேண்டுமானால் அகலமான அலைக்கற்றை வேண்டும், அல்லது பல ஆன்டெனாக்களை வைத்து ஒரே அலைக்கற்றையில் பல ஓடைகளை ஒரே சமயத்தில் அனுப்பவேண்டும். இதைத் தாண்டி மந்திரம் எதுவும் கிடையாது. எந்த நிறுவனமாவது "அதே அலைக்கற்றை, அதே கோபுரம், பத்து மடங்கு வேகம்" என்று சொன்னால், இந்தச் சூத்திரத்தில் எந்த உறுப்பை மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

அகலமான அலைக்கற்றை எங்கே காலியாக இருக்கிறது? மேலே, 24 கிகாஹெர்ட்ஸுக்கு அப்பால். மில்லிமீட்டர் அலை என்று இதைத்தான் சொல்கிறார்கள். 20 ஜிபிபிஎஸ் என்ற கணக்குக்கு 650 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அகலம் வேண்டும், அது இங்கேதான் கிடைக்கும். ஆனால் 28 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம். சுவர் தடுக்கும். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய ஜன்னல் கண்ணாடி தடுக்கும். மரத்தின் இலைகள் தடுக்கும். போனைப் பிடித்திருக்கும் உங்கள் கையே தடுக்கும். கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற சில நூறு மீட்டருக்குள் அபாரமாக வேலை செய்யும் ஒன்றை ஊர் முழுக்கப் பரப்பவேண்டுமென்றால் தெருவுக்குத் தெரு கருவி வைக்கவேண்டும். தென்கொரியாவிலேயே 28 கிகாஹெர்ட்ஸ் உரிமம் வாங்கிய நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட எண்ணிக்கையில் கருவிகளை நிறுவவில்லை. 2022 இறுதியிலும் 2023இலும் அந்த உரிமங்களை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. விளையாட்டு அரங்கம், ரயில் நிலையம் போல ஒரே இடத்தில் பல்லாயிரம் பேர் கூடும் இடங்களில் மில்லிமீட்டர் அலை உண்மையிலேயே கைகொடுக்கும். அதற்கான கருவி அது. நாடு முழுவதற்குமான கருவியாக விற்கப்பட்டபோதுதான் மிகையானது.

இதே கதை முன்பும் நடந்திருக்கிறது. 2000களின் நடுவில் வைமேக்ஸ் என்ற கம்பியில்லா பிராட்பேண்ட் வந்தபோது "70 எம்பிபிஎஸ், 50 கிலோமீட்டர்" என்ற இரண்டு எண்களும் எல்லாக் கட்டுரைகளிலும் ஜோடியாகவே வரும். அந்த எண்களை நம்பித் திட்டம் போட்டவர்களோடு நான் பேசியிருக்கிறேன். 70 எம்பிபிஎஸ் கோபுரத்துக்கு அருகில் கிடைக்கலாம். 50 கிலோமீட்டர் தூரத்துக்கு, உயரத்தில் ஆன்டெனா வைத்து, நேர்பார்வை இருந்தால், மெல்லிய இணைப்பு கிடைக்கலாம். இரண்டும் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் கிடைக்காது. அப்புறம் அந்த 70ம் அந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லோருக்கும் பொதுவானது. இரண்டு தனித்தனி உண்மைகளுக்கு நடுவே ஒரு காற்புள்ளியைப் போட்டு ஒரே வாக்கியமாக்கியதில் ஒரு பொய் பிறந்தது. இரண்டு எண்கள் சேர்ந்து வரும்போதெல்லாம் "இரண்டும் ஒரே நேரத்திலா?" என்று கேட்கும் பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்ததுதான்.

தொலைபேசிக் கம்பி வழி வரும் பிராட்பேண்டிலும் தூரம் இதே வேலையைச் செய்தது. ஏடிஎஸ்எல் 2 பிளஸ் என்றால் 24 எம்பிபிஎஸ் வரை என்பார்கள். தொலைபேசி நிலையத்துக்குப் பக்கத்து வீட்டுக்கு அது சரி. நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தவருக்கு ஒன்றிரண்டு வந்தாலே பெரிய விஷயம். செம்புக் கம்பியில் ஒரு கிகாபிட் தரும் ஜி.ஃபாஸ்ட் வந்தது, ஆனால் அது சுமார் 100 மீட்டருக்குள். "வரை" என்ற ஒற்றைச் சொல் எத்தனை கிலோமீட்டரை விழுங்கியிருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பிரிட்டனில் 2018 மே மாதத்துக்கு முன்பு, பத்தில் ஒரு வாடிக்கையாளருக்குக் கிடைத்தாலே அந்த வேகத்தை "வரை" போட்டு விளம்பரம் செய்யலாம் என்றிருந்தது. அதன்பின் விதியை மாற்றினார்கள். இரவு 8 முதல் 10 மணி வரையான நெரிசல் நேரத்தில் பாதி வாடிக்கையாளர்களுக்காவது கிடைக்கும் வேகத்தைத்தான் சொல்லவேண்டும். மிகையைக் குறைக்க நான் பார்த்ததிலேயே மிக எளிமையான, பலன் தந்த வழி இது. எண்ணைத் தடைசெய்யாமல் நிபந்தனையை எண்ணோடு கட்டிப்போட்டார்கள்.

நெரிசல் நேரம் என்று ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நெட்வொர்க்கின் தரம் அப்போதுதான் தெரியும். காற்றில் வரும் இணைப்பு பொதுக்கிணறு மாதிரி. ஒரு கணக்குப் பார்ப்போம். 3.5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் உள்ள ஒரு நல்ல 5ஜி கோபுரம், அதில் ஒரு திசையைப் பார்த்த ஒரு முகம். நகரப் பகுதியில் ஒரு ஹெர்ட்ஸுக்குச் சராசரியாக 7.8 பிட் வரவேண்டும் என்று நான் மேலே சொன்ன ஒன்றியத்தின் ஆவணம் எதிர்பார்க்கிறது. அதை அப்படியே எட்டினாலும் 780 எம்பிபிஎஸ். நேரத்தில் கால்பங்கை அப்லோடுக்கு ஒதுக்கினால் டவுன்லோடுக்கு மிச்சம் 585. ஒரே நொடியில் முப்பது பேர் வீடியோவோ வேறெதுவோ இழுத்துக்கொண்டிருந்தால் ஆளுக்கு 20 எம்பிபிஎஸ்க்குக் கொஞ்சம் குறைவு. கோபுரத்தில் எந்தக் கோளாறும் இல்லை, விளம்பரத்தில் இருந்த தொழில்நுட்பமேதான் இது. காலை ஐந்து மணிக்கு அதே இடத்தில் வேகச் சோதனை போட்டால் 500ஐத் தாண்டும். அந்தப் படத்தை எடுத்துப் போட்டு "பாருங்கள் வேகத்தை" என்று பகிர்பவர்களும் பொய் சொல்லவில்லை.

ஃபைபரிலும் பகிர்வு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வீடுகளுக்கு வரும் ஜிபான் முறையில் ஒரு கண்ணாடி இழை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரியும். அதில் மொத்தம் போவது டவுன்லோடில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அப்லோடில் அதில் பாதி. எல்லோரும் ஒரே நொடியில் முழுவேகம் கேட்டால் கிகாபிட் கிடைக்காது. ஆனாலும் இது அநேகமாக உறுத்துவதில்லை. ஒரு வீடு ஒரு கிகாபிட்டை இழுப்பது சில விநாடிகள்தான், மீதி நேரம் சும்மா இருக்கிறது. அப்புறம் 64 வீடுகள் என்பது வரையறை உள்ள கூட்டம், நாளைக்கு 600 ஆகாது. கோபுரத்துக்குக் கீழே எத்தனை பேர் வந்து நிற்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்கைச் சொல்லியாகவேண்டும். கையில் எடுத்துச்செல்லும் செல்பேசியை உருவாக்கிய மார்ட்டின் கூப்பர், 1950களின் இறுதிக்குப் பிறகு கம்பியில்லாத் தொடர்பின் கொள்ளளவு சுமார் பத்து லட்சம் மடங்கு கூடியதைப் பிரித்துக் காட்டினார். புதிய அலைக்கற்றைகளைத் திறந்ததால் 25 மடங்கு. அலைக்கற்றையை மெல்லிய துண்டுகளாக நறுக்கியதால் 5 மடங்கு. சிக்னலைக் குறியீடாக்கும் நுட்பங்கள் முன்னேறியதால் இன்னொரு 5 மடங்கு. மீதி 1,600 மடங்கு எங்கிருந்து வந்தது? கோபுரங்களை நெருக்கமாக வைத்து, ஒரே அலைக்கற்றையைப் பக்கத்துப் பக்கத்து இடங்களில் மறுபடி மறுபடி பயன்படுத்தியதால். தலைமுறைக்குத் தலைமுறை பத்திரிகைகள் கொண்டாடும் புதுமைகளின் பங்கு சில மடங்குகள்தான். பெரும்பங்கு குழி தோண்டி, கம்பம் நட்டு, ஒவ்வொரு கம்பத்துக்கும் ஃபைபர் இழுத்தவர்களுடையது. அவர்களைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி எழுதுவதில்லை. "கம்பியில்லா இணைப்பு" என்று நாம் சொல்வதில் காற்று வழி போவது கடைசிச் சில நூறு மீட்டர், அதிகம் போனால் சில கிலோமீட்டர். மற்றதெல்லாம் கண்ணாடி இழை. ஆகவே ஒரு பகுதிக்கு நல்ல 5ஜி வருமா என்று தெரிய வேண்டுமானால் போனில் எந்தச் சின்னம் தெரிகிறது என்று பார்ப்பதைவிட, அங்குள்ள கோபுரங்களுக்கு ஃபைபர் போயிருக்கிறதா என்று விசாரிப்பது பலன் தரும்.

சின்னம் என்றதும் பெயர் விளையாட்டு ஞாபகம் வருகிறது. 4ஜி என்ற பெயருக்கு உரிய தகுதியை இதே ஒன்றியம் கடுமையாகவே வைத்தது: நின்ற நிலையில் 1 ஜிபிபிஎஸ். 2010 டிசம்பரில், அதை எட்டாத எல்டிஇ என்ற செல்பேசித் தொழில்நுட்பத்தின் முதல் வடிவம், வைமேக்ஸ், மேம்பட்ட 3ஜி எல்லாவற்றையும் 4ஜி என்று அழைக்கலாம் என்று தளர்த்திவிட்டது. 2019இல் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் மேம்பட்ட 4ஜிக்கே "5ஜி இ" என்ற சின்னத்தைப் போன் திரையில் காட்டியது. 2020இல் விளம்பரத் துறையின் சுயகண்காணிப்பு அமைப்பு அந்தப் பெயரை விளம்பரத்தில் நிறுத்தச் சொன்னது. தலைமுறை எண் ஒரு குடும்பப் பெயர் மாதிரி, அது உங்களுக்குக் கிடைக்கும் வேகத்தைச் சொல்லாது. இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

அடுத்து, 1 மில்லிவிநாடி. 5ஜியால் தாமதம் 1 மில்லிவிநாடி ஆகிவிடும், எங்கோ இருக்கும் மருத்துவர் இங்கே அறுவைசிகிச்சை செய்வார் என்று நிறையப் பேசினார்கள். அந்த 1 மில்லிவிநாடி என்பது மிக அவசரமான தகவல்களுக்கான தனி வகைச் சேவையில், போனுக்கும் கோபுரத்துக்கும் இடையே உள்ள காற்றுவழிப் பகுதிக்கு மட்டும் வைத்த இலக்கு. சாதாரணச் சேவைக்கு அதே ஆவணம் வைத்தது 4. கோபுரத்துக்கு அப்பால் இருப்பது கண்ணாடி இழை. அதில் ஒளி ஒரு விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். 1,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய்வர ஒளிக்கே 10 மில்லிவிநாடி ஆகும். ரூட்டர்களில் நிற்கும் நேரம் தனி. இதை எந்தத் தலைமுறையாலும் குறைக்க முடியாது, சர்வரைப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கத்தான் முடியும். தாமதம் பற்றி யாராவது எண் சொன்னால் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை அளந்தது என்று கேட்காமல் விடாதீர்கள்.

தாமதத்தில் இதைவிட முக்கியமான, யாரும் விளம்பரம் செய்யாத ஒரு விஷயம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. என் உறவினர் வீட்டில் வீடியோ அழைப்பு அடிக்கடி திக்கும். சேவை நிறுவனத்தைக் கேட்டார், பெரிய திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். டவுன்லோடு 100லிருந்து 300 எம்பிபிஎஸ் ஆனது, திக்கல் அப்படியே இருந்தது. போய்ப் பார்த்தேன். யாரும் எதுவும் செய்யாதபோது பிங், அதாவது ஒரு சிறு தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், 15 மில்லிவிநாடி. போனில் எடுத்த படங்கள் மேகச் சேமிப்புக்கு ஏறத் தொடங்கியதும் அது 800ஐத் தொட்டது. அவருடைய அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ்தான், திட்டம் மாறியும் அது மாறவில்லை. ரூட்டருக்குள் ஒரு மெகாபைட் அளவுக்கு வரிசை நின்றால் அது கரைய 0.8 விநாடி ஆகும். அந்த வரிசையின் வாலில் போய் நிற்கிறது உங்கள் குரல். பேச்சு இயல்பாக இருக்க ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது என்பது நெடுநாள் வழிகாட்டுதல்.

இந்த நோய்க்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு, விடாமல் எழுதி, எல்லோருடைய கவனத்துக்கும் கொண்டுவந்தார். நினைவகச் சில்லுகள் மலிவாகிவிட்டதால் தயாரிப்பாளர்கள் தகவலை வரிசையில் காக்கவைக்கும் பஃபர்களைப் பெரிது பெரிதாகப் போட்டுவிட்டார்கள் என்பதே காரணம். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற வழிமுறையைத் தந்தார்கள். வரிசையின் நீளத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு தகவல் பொட்டலமும் வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பார்த்து நெரிசலைக் கட்டுப்படுத்தும் முறை. அதன் மேம்பட்ட வடிவம் இப்போது பல ரூட்டர்களில் "ஸ்மார்ட் க்யூ" என்பது போன்ற பெயரில் இருக்கிறது. உறவினர் வீட்டில் அதை இயக்கி, அப்லோடு வரம்பை 9 என்று வைத்தேன். படங்கள் ஏறும்போதே பிங் 30க்குக் கீழ் நின்றது. அவர் பழைய திட்டத்துக்கே திரும்பிவிட்டார். வேகத்தை விற்பது எளிது, வரிசை நிர்வாகத்தை விற்பது கடினம், அதனால்தான் இதைப் பற்றி உங்களிடம் யாரும் பேசுவதில்லை. பேசவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வைஃபை ரூட்டர் அட்டைப்பெட்டியையும் ஒருமுறை படித்துவிடலாம். ஏஎக்ஸ்6000 என்று போட்டிருக்கும் பெட்டியில் அந்த 6000 என்பது 5 கிகாஹெர்ட்ஸின் 4,800ம் 2.4 கிகாஹெர்ட்ஸின் 1,150ம் கூட்டி, முழு எண்ணாக்கிய தொகை. உங்கள் போன் ஒரு சமயத்தில் ஒரு பட்டையில்தான் இணையும். போனில் இருப்பது இரண்டு ஆன்டெனா, ரூட்டரில் இருப்பதுபோல நான்கோ எட்டோ இல்லை. 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் போனுக்குக் கிடைக்கும் இணைப்பு வேகம் 1,200 எம்பிபிஎஸ். வைஃபையில் பெரும்பாலும் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேசமுடியும், காத்திருப்பதிலும் ஒப்புதல் அனுப்புவதிலும் நேரம் போகும். ஒரே அறையில் நிஜமாகக் கிடைப்பது 700, 800. இரண்டு சுவர் தாண்டினால் அதில் பாதிக்கும் கீழே போவது சாதாரணம். பழைய மெதுவான கருவி ஒன்று அதே பட்டையில் இருந்தால் அது தன் பங்குத் தகவலை அனுப்ப அதிக நேரம் எடுத்து, மற்றவர்களின் நேரத்தைத் தின்னும். ஃபைபர் சரியில்லை என்று என்னிடம் வந்த புகார்களில் பெரும்பகுதி வைஃபை சரியில்லை என்றுதான் முடிந்திருக்கிறது. கம்பி போட்டு ஒரு முறை அளந்துவிட்டால் பழி யார்மேல் என்று தெரிந்துவிடும்.

இதெல்லாம் படித்துவிட்டு "அப்படியானால் எல்லாமே மிகை" என்ற முடிவுக்கு வந்துவிடவேண்டாம். அதுவும் தவறான முடிவு. 1998 நவம்பரில் 66 செயற்கைக்கோள்களோடு இரிடியம் என்ற நிறுவனம் செயற்கைக்கோள்வழித் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது, 1999 ஆகஸ்டில் திவாலானது. தரைக்கு அருகில் சுற்றும் 840 செயற்கைக்கோள்களால் உலகத்துக்கே பிராட்பேண்ட் தருவதாகக் கிளம்பிய டெலிடெசிக், அதை 288 ஆகக் குறைத்து, 2002இல் வேலையை நிறுத்தியது. அப்போது இந்தத் துறையில் இருந்தவர்கள் பலர் இனி யாரும் இதைத் தொடமாட்டார்கள் என்றே நினைத்தோம். செயற்கைக்கோள் இணையம் தரும் ஸ்டார்லிங்க் 2020 இறுதியில் சோதனைச் சேவையைத் தொடங்கியபோது என் முதல் எண்ணமும் சந்தேகம்தான். நான் தவறினேன். இடையில் இரண்டு விஷயங்கள் மாறியிருந்தன. திரும்ப வந்து இறங்கும் ராக்கெட்டால் ஏவும் செலவு குறைந்தது. அசையாமல் மின்னணு முறையில் திசை திருப்பும் ஆன்டெனாவை வீட்டுக்கு வைக்கும் அளவில் செய்யமுடிந்தது. இயற்பியல் அன்றும் சரியாகவே இருந்தது: 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய வகைச் செயற்கைக்கோளுக்குக் கேள்வி போய் பதில் வர ஒளிக்கே அரை விநாடி ஆகும், 550 கிலோமீட்டர் உயரத்தில் அது ஒரு சில மில்லிவிநாடிகளே. தோற்றது பொருளாதாரம்தான், அதுதான் மாறியது. கடல், மலை, பாலைவனம், ஃபைபர் எப்போதும் வராத கிராமம் இவற்றுக்கெல்லாம் இது உண்மையான விடிவு. நெருக்கமான நகரத்துக்கு இது மாற்று என்றால் அது மிகை. செயற்கைக்கோள் அனுப்பும் ஒரு அலைக்கதிர் பல கிலோமீட்டர் அகலமுள்ள நிலத்தை நனைக்கிறது, அதற்குள் இருப்பவர்கள் எல்லோரும் அதைப் பங்கிடவேண்டும்.

இன்னொரு உதாரணமும் மனதில் வையுங்கள். 1990களின் பிற்பகுதியில் "இணையப் போக்குவரத்து 100 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது" என்ற வாக்கியம் எல்லா இடத்திலும் ஒலித்தது. 1998இல் அமெரிக்க வணிகத் துறையின் அறிக்கையிலேயே ஏறியது. அப்படியென்றால் ஆண்டுக்கு 12 மடங்குக்கு மேல். ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் இருந்த கணிதவியலாளர் ஆண்ட்ரூ ஒட்லிஸ்கோ கிடைத்த அளவீடுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, வளர்ச்சி ஆண்டுக்குச் சுமார் இரண்டு மடங்கு என்று காட்டினார். 1995, 96இல் ஒரு குறுகிய காலத்துக்கு அந்த அதிவேக வளர்ச்சி உண்மையாகவே நடந்தது. அந்தக் காலம் முடிந்தபின்பும் வாக்கியம் மட்டும் நடமாடிக்கொண்டிருந்தது. அதை நம்பி மண்ணுக்கடியில் போட்ட ஃபைபரில் பெரும்பகுதி ஒளியே காணாமல் கிடந்தது, பல நிறுவனங்கள் மூழ்கின. உதிர்ந்த நிபந்தனை இங்கே ஒரு தேதி. ஒட்லிஸ்கோ செய்தது எளிய காரியம்தான், எல்லோரும் திருப்பிச் சொன்ன எண்ணை அவர் போய் அளந்து பார்த்தார்.

6ஜி பற்றியும் கேட்பீர்கள். 2030ஐ ஒட்டி வரும் என்கிறார்கள். 2023இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட சட்டகத்தில் 50, 100, 200 ஜிபிபிஎஸ் என்று ஆய்வுக்கான உச்ச வேகங்கள் இருக்கின்றன. இன்னும் உயர்ந்த அதிர்வெண் கொண்ட டெராஹெர்ட்ஸ் அலைகள் பற்றிய பேச்சைக் கேட்டால், 28 கிகாஹெர்ட்ஸுக்கே ஜன்னல் கண்ணாடி என்ன செய்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உச்ச எண்ணை ஒதுக்கிவிட்டு "நெரிசலான பகுதியில் பயனாளர் அனுபவ வேகம்" என்று எழுதியிருக்கும் வரியைத் தேடிப் படியுங்கள். அதே போல, செல்பேசியிலிருந்து நேரடியாகச் செயற்கைக்கோளுக்கு என்ற செய்திகளில், போன் வெளியிடும் சக்தி சுமார் கால் வாட்டுக்கும் குறைவு என்பதை மறக்கவேண்டாம். அதை வைத்து 500 கிலோமீட்டர் மேலே குறுஞ்செய்தி போகிறது என்பதே அருமையான பொறியியல். திரைப்படம் பார்ப்பது வேறு கதை.

சரி, ஃபைபரை எடுத்துவிட்டு 5ஜி ரூட்டர் வைக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். நல்ல ஃபைபர் இருந்தால் எடுக்காதீர்கள். ஒரு வீடு மாதத்துக்கு இழுக்கும் டேட்டா ஒரு செல்பேசி இழுப்பதைவிடப் பல மடங்கு, உங்கள் தெருவில் எல்லோரும் அந்த ரூட்டருக்கு மாறினால் நான் மேலே போட்ட 585ஐத்தான் பங்கிடப்போகிறீர்கள். ஃபைபர் இல்லை, பழைய செம்புக் கம்பிதான் இருக்கிறது என்றால் 5ஜி ரூட்டர் பெரிய முன்னேற்றமாக இருக்கலாம். கோபுரத்தைப் பார்த்த ஜன்னலோரம் வைத்து, திரும்பக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் சோதித்துப் பாருங்கள். ஒரு வாரம், இரவு எட்டிலிருந்து பத்துக்குள், ஞாயிறையும் சேர்த்து. ரூட்டரோடு கம்பியில் இணைத்த கணினியில் அளந்துபாருங்கள். டவுன்லோடு எண்ணை மட்டும் குறிக்காமல், ஒரு பெரிய கோப்பை மேலேற்றிக்கொண்டே பிங் எவ்வளவு ஏறுகிறது என்றும் குறித்துவையுங்கள். நல்ல 4கே வீடியோ ஒன்றுக்கு 15 முதல் 25 எம்பிபிஎஸ் போதும், வீடியோ அழைப்புக்குச் சில எம்பிபிஎஸ். நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு நெரிசல் நேரத்தில் 100 நிலையாக வந்து, பளு ஏறும்போதும் பிங் 100க்குள் நின்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். காலையில் 600 காட்டி இரவு ஒன்பது மணிக்கு 12 காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.